பார்ட்னர் என்ன புரிந்துகொள்வார்? பிரிட்ஜ் ஏலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டாட்டம் ஓரளவு தெரியும், பிரிட்ஜ் மேசையில் சில மாதங்களாக உட்கார்கிறேன், ஆனால் ஏலத்தில் பார்ட்னரும் நானும் ஆளுக்கொரு திசையில் போகிறோம் என்று சொல்பவர்களுக்காக எழுதியது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்றே சீட்டுகளைச் சொல்கிறேன். டிரிக், பாஸ், டபுள், நோ டிரம்ப் போன்றவற்றை ஆட்டக்காரர்கள் சொல்கிறபடியே விட்டிருக்கிறேன்.

ஏலத்தில் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்?

எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. உங்கள் 13 உங்களுக்குத் தெரியும், பார்ட்னரின் 13 தெரியாது. இரண்டு கையும் சேர்ந்தால் எத்தனை டிரிக் (ஆளுக்கொரு சீட்டாக விழும் ஒரு சுற்று) வரும், ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப்பில் எந்த சூட்டைத் துருப்பாக வைத்தால் லாபம் என்பதை ஒரு சீட்டும் விழுவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குத்தான் ஏலம்.

ஆனால் பேசக் கிடைக்கும் சொற்கள் கொஞ்சம்தான். 1 கிளப்பில் தொடங்கி 7 நோ டிரம்ப் (துருப்பே இல்லாமல்) வரை 35 ஏலம் (ஆறு டிரிக்குக்கு மேல் எத்தனை என்பதே அந்த எண்), அதோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38. ஒருவருக்கு வரக்கூடிய வெவ்வேறு கைகளோ 63,501 கோடிக்கும் மேல். போதாததற்கு ஒவ்வொரு ஏலமும் முந்தியதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும். ஏறிய படியில் இறங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். மற்ற கேள்விகள் எல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைப்பவைதான்.

கன்வென்ஷன் என்றால் ரகசிய மொழியா?

ரகசியம் என்றால் அது பிரிட்ஜே இல்லை. சொல்கிற சூட்டுக்கும் கையிலிருக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல், வேறொன்றைக் கேட்கவோ காட்டவோ பயன்படும் ஏலத்தைக் கன்வென்ஷன் என்கிறோம். 2 கிளப் என்று சொல்வேன், கையில் கிளப்பே இருக்காது, “உன்னிடம் ஹார்ட்டோ ஸ்பேடோ நாலு இருக்கிறதா?” என்பதுதான் அதற்குப் பொருள். இது என் பார்ட்னருக்குத் தெரிந்தது போலவே எதிராளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு ஜோடியும் தன் ஏற்பாடுகளை எழுதிய கன்வென்ஷன் அட்டையை மேசையில் வைக்கிறது. வழக்கத்துக்கு மாறான ஏலம் வந்தால், சொன்னவரின் பார்ட்னர் ‘அலர்ட்’ என்று தெரிவிக்க வேண்டும், எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். எவற்றுக்கு அலர்ட் தேவை என்பது போட்டி நடத்துபவர்களைப் பொறுத்து மாறும். விளையாடப் போகும் இடத்தின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

விளக்கும்போது பலர் சறுக்குவது இங்கே: நீங்கள் சொல்ல வேண்டியது உங்கள் இருவருக்கும் உள்ள உடன்பாட்டை. பார்ட்னர் கையில் என்ன இருக்கும் என்ற உங்கள் ஊகத்தை அல்ல. உடன்பாடே இல்லை என்றால் “எங்களுக்குள் பேசவில்லை” என்பதே முழுமையான, சட்டப்படியான பதில். “இப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று இழுக்காதீர்கள்.

எத்தனை புள்ளி இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம்?

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. மொத்தக் கட்டில் 40. இரண்டு கையிலும் சேர்ந்து 25 அல்லது 26 இருந்தால் 3 நோ டிரம்ப், 4 ஹார்ட், 4 ஸ்பேட் பார்க்கலாம். 5 கிளப், 5 டைமண்டுக்கு ஏறக்குறைய 29. சின்ன ஸ்லாமுக்கு (12 டிரிக்) 33, பெரிய ஸ்லாமுக்கு (13-ம்) 37. இவையெல்லாம் தோராயம்தான். நீளமான சூட்டும் பொருத்தமான துருப்பும் இருந்தால் 20 புள்ளியிலும் 4 ஸ்பேட் ஜெயிக்கும்.

ஹார்ட்டையும் ஸ்பேடையும் எல்லோரும் துரத்துவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஏலம் சொன்ன டிரிக்குகளின் மதிப்பு 100 சேர்ந்தால் ‘கேம்’. ஹார்ட், ஸ்பேட் டிரிக்குக்கு 30, ஆகவே நாலில் கேம். கிளப், டைமண்ட் 20, ஆகவே ஐந்து தேவை. நோ டிரம்பில் முதல் டிரிக் 40, பிறகு 30, மூன்றே போதும். கேம் ஏலத்தை ஜெயித்தால் 300 அல்லது (வல்னரபிள், அதாவது போனஸும் தண்டமும் கூடும் நிலை, என்றால்) 500 போனஸ். கேமுக்குக் கீழே நின்றுவிட்டால் வெறும் 50.

ஆயிரம் கன்வென்ஷன் இருக்கிறதாமே! எதில் தொடங்குவது?

ஸ்டேமனில். 1 நோ டிரம்ப் என்று பார்ட்னர் தொடங்குகிறார். பல ஜோடிகளுக்கு அது 15 முதல் 17 புள்ளி, சமமான கை. உங்கள் கை இப்படி என்று வையுங்கள்:

ஸ்பேட்: ராஜா, 9, 5, 2
ஹார்ட்: ராணி, ஜாக்கி, 7, 4
டைமண்ட்: ஏஸ், 8, 3
கிளப்: 6, 2

10 புள்ளி. பார்ட்னரின் குறைந்தபட்ச 15-ஐக் கூட்டினால் 25. கேம் உறுதி, எந்தக் கேம் என்பதுதான் கேள்வி. 3 நோ டிரம்ப் சொன்னால் எதிராளி கிளப்பை இறக்கி ஐந்து டிரிக் உருவி விடலாம். பார்ட்னரிடம் நாலு ஹார்ட்டோ நாலு ஸ்பேடோ இருந்தாலோ, நம் கையில் இரண்டே கிளப் இருப்பது பலமாகிறது. மூன்றாவது கிளப்பைத் துருப்பால் வெட்டலாம். ஆகவே 2 கிளப் என்று கேட்கிறோம். அவர் 2 ஹார்ட் சொன்னால் நீங்கள் 4 ஹார்ட். 2 ஸ்பேட் சொன்னால் 4 ஸ்பேட். 2 டைமண்ட் என்றால் இரண்டும் நாலு இல்லை என்று அர்த்தம், 3 நோ டிரம்ப் சொல்லி நிறுத்துங்கள்.

இதை உருவாக்கியவர் ஜார்ஜ் ரபே. 1945-ல் பத்திரிகையில் கட்டுரையாக எழுதியவர் அவருடைய பார்ட்னர் சாம் ஸ்டேமன். எழுதியவர் பெயர்தான் நின்றது!

டிரான்ஸ்ஃபர் எதற்கு? ஸ்பேட் இருந்தால் ஸ்பேட் என்று நேராகச் சொன்னால் ஆகாதா?

ஆகும். பல காலம் அப்படித்தான் ஆடினார்கள். பார்ட்னரின் 1 நோ டிரம்ப்புக்கு நீங்கள் சொல்லும் பதில் 2 டைமண்ட் என்றால் ஹார்ட் ஐந்து, 2 ஹார்ட் என்றால் ஸ்பேட் ஐந்து என்று வைத்துக்கொள்வதில் இரண்டு லாபம். பலமான கை மறைவாக இருக்கும், முதல் சீட்டு அந்தக் கையை நோக்கி வரும். இரண்டாவது லாபம் பெரிது: பார்ட்னர் கட்டாயம் 2 ஸ்பேட் என்று சொல்லியாக வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னொரு முறை பேச வாய்ப்பு. ஒன்றுமில்லாத கையானால் பாஸ், நடுத்தரமானால் 2 நோ டிரம்ப், பலமானால் கேம்.

இனி என் கதை. புதுப் பார்ட்னர். ஆட்டத்துக்கு முன் “டிரான்ஸ்ஃபர் உண்டா?” என்றேன். “உண்டு, உண்டு” என்றார். இரண்டு பேருக்கும் திருப்தி. மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி 1 டைமண்ட் என்று தொடங்கினார். பார்ட்னர் 1 நோ டிரம்ப் என்றார். அடுத்தவர் பாஸ். என் கையில் ஆறு ஸ்பேட், ராணி தலைமையில். மற்றபடி படம் போட்ட சீட்டு ஒன்றுகூட இல்லை. ஹார்ட் இரண்டு. 2 ஹார்ட் என்று அச்சிட்ட ஏல அட்டையை எடுத்து வைத்தேன், ஸ்பேட் என்ற பொருளில்.

பார்ட்னர் அலர்ட் செய்யவில்லை. என் அட்டையைப் பார்த்தார், தன் சீட்டைப் பார்த்தார், பச்சை அட்டையை வைத்தார். பாஸ். எதிராளிகள் இருவரும் பாஸ். எட்டு ஹார்ட் அவர்களிடம் இருந்தது, எங்களிடம் ஐந்து! நாலு டிரிக் கீழே. டபுள்கூடச் செய்யவில்லை. தங்கள் சூட்டை நாங்கள் துருப்பாக்கி ஆடுவதைக் கலைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் பார்ட்னர் சொன்னது: “டிரான்ஸ்ஃபர் நாம் 1 நோ டிரம்ப் *திறந்தால்* மட்டும்தானே?” அவர் மறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த டிரான்ஸ்ஃபர் வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. எதிராளி திறந்த பிறகு நாம் சொல்லும் 1 நோ டிரம்ப்புக்கும் அதே பதில்களா என்று நாங்கள் பேசியிருக்கவில்லை. இன்றைக்கும் யாராவது ஒரு கன்வென்ஷன் பெயரைச் சொல்லி “ஆடலாமா?” என்றால், பெயருக்குத் தலையாட்டுவதில்லை. எதிராளி நடுவில் புகுந்தால் என்ன, முன்னால் பாஸ் சொல்லியிருந்தால் என்ன, டபுள் வந்தால் என்ன என்று எல்லையைத்தான் கேட்கிறேன்.

டபுள் என்றால் “நீ தோற்பாய்” என்று அர்த்தம் இல்லையா?

புதியவர்களை அதிகம் குழப்புவது இந்த ஒரு சொல்தான். ஒரே அட்டை, பொருள் மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

எதிராளி 1 ஹார்ட் என்று தொடங்குகிறார். உங்களிடம் 13 புள்ளி, ஹார்ட் ஒன்றே ஒன்று, மற்ற மூன்றும் நாலு நாலு. டபுள் சொல்கிறீர்கள். இது டேக்அவுட் டபுள்: “பார்ட்னர், மற்ற மூன்றில் உனக்குப் பிடித்ததைச் சொல்.” பார்ட்னர் கையில் பூஜ்யம் புள்ளி இருந்தாலும் பேச வேண்டும். பூஜ்யம் இருந்தால் இன்னும் கட்டாயம். “என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால் பாஸ்” என்பது வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம். அந்த பாஸுக்கு விலை: எதிராளி டபுளில் 1 ஹார்ட் ஜெயித்தால் 160, கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு டிரிக்குக்கும் 100, வல்னரபிள் என்றால் 200. பார்ட்னர் பாஸ் சொல்ல வேண்டுமானால் கையில் நீளமான, பலமான ஹார்ட் இருக்க வேண்டும்.

இன்னொன்று நெகட்டிவ் டபுள். பார்ட்னர் 1 டைமண்ட், எதிராளி 1 ஸ்பேட், நீங்கள் டபுள். “என்னிடம் நாலு ஹார்ட் இருக்கிறது, 2 ஹார்ட் என்று நேராகச் சொல்லும் நீளமோ பலமோ இல்லை.” இவ்வளவு கீழ்மட்டத்தில் எதிராளியைத் தண்டிக்கும் கை அபூர்வம், நாலு ஹார்ட் உள்ள கையோ அடிக்கடி வரும். அடிக்கடி வருவதற்குச் சொல்லை ஒதுக்குவது புத்திசாலித்தனம். 1957-ல் ஆல்வின் ராத் இதைப் பரப்பினார். அந்த ஆண்டு விண்ணில் ஏறிய ஸ்புட்னிக்கின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

எந்த உயரம் வரை நெகட்டிவ், எதற்கு மேல் தண்டனை என்று பார்ட்னருடன் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். 2 ஸ்பேட் வரை என்பார்கள் சிலர், 3 ஸ்பேட் வரை என்பார்கள் சிலர். கோடு எங்கே இருந்தாலும் பரவாயில்லை, இருவருக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

4 நோ டிரம்ப் சொன்னாலே ஏஸ் கேட்பதுதானே?

இல்லை. மேசையில் அதிக விலை கொடுக்க வைக்கும் நினைப்பு இது.

பார்ட்னர் 1 நோ டிரம்ப், நீங்கள் நேராக 4 நோ டிரம்ப். இங்கே துருப்பு எதுவும் முடிவாகவில்லை. பெரும்பாலான ஜோடிகளுக்கு இது அழைப்பு: “என்னிடம் 16 புள்ளி அளவில் இருக்கிறது. உன்னிடம் 17 இருந்தால் 6 நோ டிரம்ப், 15 என்றால் பாஸ்.” கூட்டிப் பாருங்கள், 33 வருகிறதா என்பதுதான் விஷயம். பார்ட்னர் இதை ஏஸ் கேள்வி என்று எடுத்துக்கொண்டு 5 ஹார்ட் சொன்னால், அங்கிருந்து கௌரவமாகத் திரும்பி வரும் வழி இல்லை.

துருப்பு முடிவான பிறகு வரும் 4 நோ டிரம்ப்தான் ஈஸ்லி பிளாக்வுட் 1930-களில் உருவாக்கிய கேள்வி. பழைய முறையில் 5 கிளப் என்றால் ஏஸ் இல்லை அல்லது நாலும் உண்டு, 5 டைமண்ட் ஒன்று, 5 ஹார்ட் இரண்டு, 5 ஸ்பேட் மூன்று. இப்போது பெரும்பாலோர் ஆடுவது கீகார்டு பிளாக்வுட். துருப்பு ராஜாவும் ஒரு ஏஸ் போலக் கணக்கில் சேரும், ஆக ஐந்து. அதிலும் 5 கிளப் ‘0 அல்லது 3’ என்பவர்கள் உண்டு, ‘1 அல்லது 4’ என்பவர்களும் உண்டு. நீங்கள் இருவரும் எந்தக் கட்சி?

பிளாக்வுட் எண்ணிக்கை சொல்லுமே தவிர எந்த ஏஸ் என்று சொல்லாது. ஹார்ட் துருப்பு, உங்கள் கிளப் 7, 3 என்று வையுங்கள். பார்ட்னரிடம் ஒரு ஏஸ் என்று பதில் வருகிறது. அது டைமண்ட் ஏஸாக இருந்தால்? கிளப்பில் இரண்டு டிரிக் உடனே போகும், ஸ்லாமும் போகும். கையில் ஒரு சூட் அறவே இல்லாதபோதும் இதே சிக்கல். இந்தக் கைகளுக்குக் கியூ பிட் என்னும் முறை, அதாவது எந்த சூட்டில் பிடிமானம் இருக்கிறதோ அதையே சொல்லிக் காட்டுவது, பொருந்தும். பிளாக்வுட்டை வேண்டாத ஸ்லாமைத் தவிர்க்கும் பூட்டாகப் பாருங்கள். ஸ்லாமைத் தேடித்தரும் கருவி அது இல்லை.

பார்ட்னர் சொன்ன ஏலத்தை நான் பாஸ் செய்யலாமா கூடாதா? எப்போதும் இந்தக் குழப்பம்.

ஒரு ஜோடிக்குள் பேச வேண்டிய விஷயங்களில் இதற்கே முதலிடம் கொடுப்பேன், கன்வென்ஷன்களுக்கு முன்பே. சில அடிப்படைகள்:

பார்ட்னர் ஒரு சூட்டில் தொடங்க, இதுவரை பாஸ் சொல்லாத நீங்கள் புது சூட் சொன்னால் அது ஃபோர்சிங். அவர் ஒரு சுற்றாவது பேசியே ஆக வேண்டும். நோ டிரம்ப் சொன்னவர் தன் கையின் அளவைச் சொல்லிவிட்டார், அதன் பிறகு முடிவெடுப்பவர் எதிரில் இருப்பவர். உங்கள் சூட்டை பார்ட்னர் உயர்த்தினால் அது ஃபோர்சிங் இல்லை. டைமண்ட், ஸ்பேட், கிளப் என்று மூன்று சூட்டை நீங்கள் இருவருமே சொன்ன பிறகு நாலாவது சூட் வந்தால், அது பெரும்பாலும் அந்த சூட்டைக் காட்ட அல்ல, “இன்னும் கொஞ்சம் சொல்” என்று கேட்க.

இவற்றுக்கு வெளியே ஆயிரம் சூழல் வரும். எல்லாவற்றையும் பேச முடியாது. அதனால் நாங்கள் ஒரு பொதுவிதி வைத்திருக்கிறோம்: பேசாத சூழலில் வரும் ஏலம் இயல்பானது, சொன்ன சூட்தான் கையில். இந்த ஒரு வரி எங்களைக் காப்பாற்றிய அளவுக்கு எந்தக் கன்வென்ஷனும் காப்பாற்றியதில்லை. கையைப் பார்த்ததும் ஒரு அற்புதமான ஏலம் உங்களுக்குத் தோன்றும், தர்க்கப்படி அதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும் என்றும் தோன்றும். எதிரில் இருப்பவருக்கு அந்தத் தர்க்கம் அதே பத்து நொடியில் தோன்ற வேண்டுமே! தோன்றாது என்று வைத்துக்கொண்டே ஏலம் சொல்லுங்கள்.

பார்ட்னர் என் ஏலத்தை எதிராளியிடம் தப்பாக விளக்கிவிட்டார். என்ன செய்வது?

முகத்தில் எதையும் காட்டாதீர்கள். இருமல், பெருமூச்சு, நாற்காலியில் நெளிதல் எதுவும் கூடாது. ஏலம் நடக்கும்போது திருத்தவும் கூடாது. அவர் சரியாகவே விளக்கியிருந்தால் நீங்கள் அடுத்து என்ன சொல்வீர்களோ அதையே சொல்ல வேண்டும். அவருடைய தப்பு விளக்கத்தால் உங்களுக்குத் தெரியவந்தது உங்களுக்குச் சொந்தமில்லாத தகவல்.

ஏலம் முடிந்த பிறகு இரண்டு நிலை. கான்ட்ராக்ட் (கடைசியாக நின்ற ஏலம்) உங்கள் பக்கம் என்றால், முதல் சீட்டு விழுவதற்கு முன் டைரக்டரை, அதாவது போட்டி நடுவரை, அழைத்துத் திருத்துங்கள். நீங்கள் தடுக்கும் பக்கம் என்றால், ஆட்டம் முடியும் வரை வாயைத் திறக்காதீர்கள். இப்போதே சொன்னால் அது பார்ட்னருக்கும் சேதியாகிவிடும்.

ஒரு நுணுக்கம்: பார்ட்னர் உங்கள் உடன்பாட்டைச் சரியாகத்தான் விளக்கினார், மறந்துபோய் வேறு கையில் அந்த ஏலத்தைச் சொன்னது நீங்கள் என்றால், திருத்த எதுவுமில்லை. எதிராளிக்குத் தெரிய வேண்டியது உங்கள் உடன்பாடு, அது அவருக்குச் சரியாகக் கிடைத்துவிட்டது. இதனால் அவருக்கு நட்டம் வந்தாலும் அது ஆட்டத்தில் சகஜம்.

ரொம்ப நேரம் யோசித்து பார்ட்னர் பாஸ் சொன்னார். அதில் ஒரு சேதி இருக்கிறதே, பயன்படுத்தலாமா?

கூடாது. விதிகளில் இதற்கு அனுமதியற்ற தகவல் என்று பெயர். ஒரு காட்சி: பார்ட்னர் 1 ஹார்ட், எதிராளி 1 ஸ்பேட், நீங்கள் 2 ஹார்ட், அடுத்தவர் தாவி 4 ஸ்பேட். பார்ட்னர் சீட்டை விரிக்கிறார், மடக்குகிறார், மறுபடி விரிக்கிறார். அரை நிமிடம் கழித்து பாஸ். சுற்றி உங்களிடம் வருகிறது. 8 புள்ளி, ஹார்ட் நாலு, ஸ்பேட் ஒற்றைச் சீட்டு. 5 ஹார்ட் சொல்லலாம் போல இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது? பார்ட்னர் யோசித்ததால். ஏதோ வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாஸ் சொல்வது நியாயமான மாற்றாக இருக்கும்போது, அந்தத் தயக்கம் காட்டிய பக்கம் நீங்கள் சாயக் கூடாது. சாய்ந்து ஜெயித்தால் எதிராளி டைரக்டரை அழைப்பார், ஸ்கோர் மாறும்.

யோசிப்பது குற்றமே இல்லை. கஷ்டமான கைக்கு யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் பாஸுக்கும் டபுளுக்கும் முன்னால் வரும் தாமதம் பார்ட்னரைக் கட்டிப்போடும் என்று நினைவில் வையுங்கள். எதிராளி தாவி ஏலம் சொன்னால், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பத்து நொடி நிதானித்துச் சொல்வது அதனால்தான். எப்போதும் ஒரே வேகத்தில் பேசுபவரிடமிருந்து சேதி கசியாது.

உலகப் போட்டிகளில் இதற்காகவே மேசைக்குக் குறுக்கே திரை கட்டிவிட்டார்கள். உலக அணிப் போட்டியான பெர்முடா கோப்பையில் 1975-ல் முதன்முதலாக அது வந்தது. அதே போட்டியில், மேசைக்கு அடியில் காலால் தொட்டுச் சேதி சொன்னதாக ஒரு ஜோடி மீது புகார் எழுந்தது. அதன் பிறகு மேசைக்குக் கீழேயும் மறைப்பு வைத்தார்கள்.

வேண்டுமென்றே பொய்யாக ஏலம் சொல்லலாமா?

சொல்லலாம். ‘சைக்’ என்பார்கள். எதிராளி எவ்வளவு ஏமாறுகிறாரோ அவ்வளவு உங்கள் பார்ட்னரும் ஏமாற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அடிக்கடி செய்தால் பார்ட்னருக்குப் பழகிவிடும், அப்புறம் அது எதிராளிக்குச் சொல்லாத உடன்பாடு ஆகிவிடும். நான் செய்வதில்லை. எதிராளியைவிடப் பார்ட்னர்தான் நன்றாக ஏமாறுகிறார்.

எந்த சிஸ்டம் சிறந்தது?

பார்ட்னருக்குத் தெரிந்தது. ஹார்ட், ஸ்பேடுக்கு ஐந்து சீட்டு கேட்கும் முறைகள், நாலு சீட்டில் திறக்கும் ஏகோல் (லண்டனில் ஒரு சாலையின் பெயர் அது, அங்கிருந்த கிளப்பில் 1930-களில் பிறந்தது), பலமான கையை எல்லாம் 1 கிளப்பில் தொடங்கும் பிரிசிஷன் என்று பல உண்டு. சி. சி. வெய் உருவாக்கிய பிரிசிஷனை ஆடித்தான் தைவான் அணி, யாரும் எதிர்பாராமல், 1969 பெர்முடா கோப்பையில் இறுதிக்கு வந்தது. எல்லா முறையிலும் உலகத் தரத்தில் ஆடியிருக்கிறார்கள். மாறி மாறித் தாவுவதுதான் கெடுதல்.

புதுப் பார்ட்னர், ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம். எதைப் பேசுவது?

1 நோ டிரம்ப் எத்தனை புள்ளி. ஹார்ட், ஸ்பேட் திறக்க நாலா ஐந்தா. 2 கிளப் பலமான கையா, மற்ற 2 ஏலங்கள் பலவீனமான ஆறு சீட்டா. ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர் உண்டா, எதிராளி திறந்த பிறகும் உண்டா (நான் மறக்க மாட்டேன்!). நெகட்டிவ் டபுள் எதுவரை. 4 நோ டிரம்ப் எப்போது ஏஸ், பதில் எந்த வரிசை. தடுக்கும்போது பெரிய சீட்டு போட்டால் பிடித்திருக்கிறதா இல்லையா. பத்து நிமிடத்தில் இவ்வளவுதான் முடியும். நேரம் மிஞ்சினால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள்.

நிரந்தரப் பார்ட்னர் என்றால் வேறு வழி இருக்கிறது. நாங்கள் வாரம் ஒருமுறை ஆடாமல் ஏலம் மட்டும் சொல்லிப் பார்ப்போம். சீட்டைப் பிரித்து, இருவரும் ஏலத்தை முடித்து, கையைத் திறக்கும் முன் அவரவர் தாளில் “உன் கையில் இருப்பது இது” என்று எழுதுவோம். பிறகு ஒப்பிடுவோம். நான் 12 புள்ளி, ஐந்து ஹார்ட் என்று எழுதியிருப்பேன், அவர் கையில் 15-ம் ஆறும் இருக்கும். ஸ்கோரில் தெரியாத விரிசல்கள் இந்தத் தாளில் தெரியும். சரியான கான்ட்ராக்டில் தற்செயலாகப் போய் நின்ற ஆட்டங்கள் எத்தனை என்று பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

இணையத்தில் ஆடும்போதும் இதே விதிகளா?

பெரும்பாலும். ஒரு வித்தியாசம்: அங்கே உங்கள் ஏலத்தை நீங்களே அலர்ட் செய்து விளக்குகிறீர்கள், பார்ட்னர் அதைப் பார்க்க முடியாது. தப்பு விளக்கத்தால் வரும் வம்பு பாதி குறைகிறது.

ஏலம் கெட்டுப்போனால் பார்ட்னருடன் சண்டை வருகிறது. தவிர்க்க வழி?

இது புதிய நோய் அல்ல. 1929-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 4 ஸ்பேட் தோற்றதில் தொடங்கிய கணவன் மனைவி வாக்குவாதத்தில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு நடந்து மனைவி விடுதலையானார்.

எங்கள் ஏற்பாடு எளிது. மேசையில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒவ்வொருவரிடமும் சின்னக் குறிப்புத் தாள், ஆட்ட எண்ணை மட்டும் குறித்துக்கொள்வோம். எல்லாம் முடிந்த பிறகு, “ஏன் அப்படிச் சொன்னாய்?” என்று கேட்பதில்லை, “நான் சொன்னதை என்னவென்று எடுத்துக்கொண்டாய்?” என்று கேட்கிறோம். இரண்டாவது கேள்விக்குக் கோபம் வராமல் பதில் சொல்ல முடிகிறது. பதிலில் தப்பு யாருடையது என்பது பெரும்பாலும் கேட்டவருக்கே தெரிந்துவிடும்.

பார்ட்னர் ஒரே கன்வென்ஷனைத் திரும்பத் திரும்ப மறக்கிறார். என்ன செய்யலாம்?

மூன்று முறை மறந்தால் அட்டையிலிருந்து அடித்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல கன்வென்ஷனாக இருந்தாலும். எதிராளி 1 நோ டிரம்ப் திறக்கும்போது சொல்வதற்கென்று ஒரு அழகான தற்காப்பு முறை எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு ஏலமும் இரண்டு சூட்டைக் காட்டும். மூன்றாவது முறை அது மறந்து, இல்லாத சூட்டில் போய் விழுந்தபோது கோடு போட்டு அடித்தோம். இப்போது அந்த இடத்தில் ‘இயல்பு’ என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறது. சொல்ல மறந்தேன், மூன்று முறையும் மறந்தது நான்தான்.